கடைப் பெயரைப் பின்னால் தள்ளிய சம்பந்தி

ஜூன் 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். போனில் பேசினால் என் குரல் தானாக ஏறிவிடும். உங்கள் வீட்டில் படுத்திருக்கும் என் மகள் காதில் அது விழும். ஆறு மாதக் கர்ப்பிணி, பாவம். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது மட்டும் நான் நல்ல மனிதன் என்று என் மனைவி சொல்வாள்.

நேற்றுக் கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரில் நம் இணையதளத்தைத் திறந்தேன். திரைக்கு உச்சியில் ஒரு சின்னப் பட்டை இருக்கிறதே, அதில் இத்தனை நாளும் "நல்வரவு" என்று எழுதி, பக்கத்திலேயே என் கடைப் பெயர் இருந்தது. நேற்றுப் பார்த்தால் வேறு என்னவோ வாசகம். கடைப் பெயர் வால் மாதிரிக் கடைசியில் தொங்குகிறது. ஒரு பக்கத்தில் இல்லை, எல்லாப் பக்கத்திலும்!

தளத்தை நடத்திவந்த என் மகளை டாக்டர் படுக்கையில் போட்ட பிறகு, "தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நீங்களாக முன்வந்தீர்கள். செய்தித்தாளில் தலைப்புப் போட்டே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர், பார்த்துக்கொள்வார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் ஒரு வியாபாரியின் பெயர்ப் பலகையை அவனைக் கேட்காமல் கழற்றிக் கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் மாட்டலாமா? தோளில் பையை மாட்டிக்கொண்டு, மெக்கானிக் கடை மெக்கானிக் கடையாக ஏறி இறங்கி ஃப்ரிட்ஜ் ரப்பரும் வாஷிங் மெஷின் பெல்ட்டும் விற்றவன் நான். என்னிடம் இருக்கிற ஒரே பட்டம் அந்தப் பலகைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஒளிவுமறைவு எனக்கு வராது. தளத்தில் ஆர்டர் வருவதில்லை. பார்சல் கட்டுவதற்கென்று மகளுக்கு ஒதுக்கிய பின் அறை சும்மா கிடக்கிறது. பக்கத்துக் கடை மெத்தை வியாபாரி அதை வாடகைக்குக் கேட்கிறார். ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அதுவரை ஆர்டர் வராவிட்டால் அறையும் போகும், தளமும் போகும். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

பெயரை முன்னால் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அப்பா


ஜூன் 7

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தில் முதல் மூன்று பத்தியை வெட்டினால் செய்தி கிடைக்கிறது. மெத்தைக்காரர்தான் செய்தி. அதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பட்டையில் இருப்பது வெறும் அலங்காரம் இல்லை. யாராவது தேடுபொறியில் ஏதாவது தேடினால் வரிசையாகப் பெரிய எழுத்தில் வரிகள் வருமே, அங்கே பெரும்பாலும் காட்டப்படுவது இதே வரிதான். இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறி புரிந்துகொள்வதற்கும் அது உதவுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் நம்மைப் பார்க்கும் முதல் இடமும் அதுதான். உங்கள் படங்கள், விலைகள், இருபத்துநான்கு மணி நேர உழைப்பு எல்லாம் அந்த வரியைத் தொட்ட பிறகுதான் அவர் கண்ணில் படும்.

நம் தளத்தில் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வரி இருந்தது. உங்கள் கடையில் சுவர் முழுக்க இழுப்பறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் உங்கள் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தால் கடைப் பையன்கள் பெல்ட்டை எங்கே தேடுவார்கள்? நீங்கள் அப்படிச் செய்யவில்லை. கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது நான் பார்த்தேன். ஒவ்வொரு இழுப்பறையிலும் உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் ஒட்டியிருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் இந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்று என் மகனிடம் சொன்னேன். இதை இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

உங்களைத் தெரிந்தவர் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுவார், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவருக்கு உங்கள் பெயர் என்ன சொல்லும்? ஆகவே பெயர் கடைசியில்தான் இருக்கும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகத் தலைப்பு எழுதியிருக்கிறேன். ஃப்ரிட்ஜ் ரப்பருக்கு, "கதவு சாத்தினால் போதுமா, குளிர் தங்க வேண்டாமா?" வாஷிங் மெஷின் பெல்ட்டுக்கு, "துவைக்கச் சொன்னால் துள்ளுகிறதே!" என் மருமகள் படுத்துக்கொண்டே சிரித்தாள்.

ஆகஸ்ட் கடைசிவரை அவளிடம் வாய் திறக்க மாட்டேன். ஆனால் அவள் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 26

சம்பந்தி அம்மாவுக்கு,

இழுப்பறை விஷயத்தில் என்னை மடக்கிவிட்டீர்கள். இரண்டே நாளில் மனம் மாறிவிட்டேன். பெயர் பின்னாலேயே இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். என் மனைவியிடமே இவ்வளவு சீக்கிரம் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

ஆனால் தலைப்புகள்? அழகு என்றால் அப்படி ஒரு அழகு. "துவைக்கச் சொன்னால் துள்ளுகிறதே" என்பதைக் கடை முழுக்க வாசித்துக் காட்டினேன். கவுன்டரில் நிற்கிற ஆள், நாங்கள் மீசை என்று கூப்பிடுகிறவர், வாய்விட்டுச் சிரித்தார், அந்த மீசை ஆடியது. ஆர்டர் மட்டும் வரவில்லை.

முடிவெட்டப் போன இடத்தில் காத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், "தம்பி, உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு மூடலைன்னா போன்ல என்னன்னு தேடுவீங்க?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஃப்ரிட்ஜ் கதவு மூடலைன்னுதான் தேடுவேன். வேற எப்படித் தேடுவாங்க?" என்றார். அவரைத் தேடவும் வைத்தேன். விரல் வலிக்கிறவரை தள்ளிக்கொண்டே போனார். நாம் எங்கேயுமே இல்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செய்தித்தாள் படிக்கிறவர் அதை வாங்கிவிட்டார். கையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் கண் சிமிட்டினால் நின்று பார்ப்பார். இங்கே ஆள் இன்னும் தெருவில் நிற்கிறார், அவசரத்தில் இருக்கிறார், அவர் வீட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அவருக்குப் புதிர் போட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். குளிர் தங்க வேண்டும் என்று சொன்னீர்கள், ரப்பர் என்று சொல்லவே இல்லையே.

அடியேன்,
கடைக்காரன்


ஜூன் 28

சம்பந்தி,

நான் எழுதிய தலைப்பில் "என்ன விஷயம் என்றே தெரியவில்லை" என்று என் பத்திரிகை ஆசிரியர்கள்கூடச் சொன்னதில்லை. முடிவெட்டுகிற இடத்தில் காத்திருந்தவர் சொல்லிவிட்டார்.

கடவுச்சொல்லை உங்கள் மகள் அனுப்பிவைப்பாள். உங்கள் தளம், உங்கள் தலைப்பு. எனக்கு வேறு வேலை இருக்கிறது.


ஜூலை 15

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் கையெழுத்துகூட இல்லை. புரிந்துகொண்டேன்.

கடவுச்சொல் வந்தது. இது என்ன பெரிய வித்தை என்று நானே உட்கார்ந்தேன். கடை வாசலில் சரக்கைத் தொங்கவிடுகிற மாதிரி தலைப்பிலும் தொங்கவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். இப்படி எழுதினேன்: "ஃப்ரிட்ஜ் ரப்பர் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் வாஷிங் மெஷின் பெல்ட் குழாய் மோட்டார் மொத்த விலை சில்லறை விலை மலிவு தரம் உடனடி." இதையே எல்லாப் பக்கத்திலும் போட்டேன். வலை பெரிதாக இருந்தால் மீன் தானாக விழும் என்பது என் கணக்கு.

ஒரு வாரம் கழித்துத் தேடிப் பார்த்தேன். சில பக்கங்களில் என் வரி பாதியிலேயே அறுந்து, பின்னால் மூன்று புள்ளி வைத்திருந்தது. சில பக்கங்களில் அதுவும் இல்லை. தேடுபொறி நான் எழுதியதைத் தூக்கி எறிந்துவிட்டு, பக்கத்துக்குள்ளே இருந்து ஏதோ ஒரு வரியை எடுத்துத் தானே தலைப்புப் போட்டுக்கொண்டது! முதலாளி நான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதுதான் ஜூன் மாதம் எனக்கு வந்த கோபத்தை நினைத்துக்கொண்டேன். நீங்களாவது என் பெயரை விட்டுவைத்தீர்கள்.

ஆக, நான் எழுதினால் குப்பை, நீங்கள் எழுதினால் கவிதை. இரண்டுக்கும் ஆர்டர் வரவில்லை.

மெத்தைக்காரர் நேற்று வந்து அறையை அளந்துவிட்டுப் போனார். அங்கே பரணில் பழைய மாடல் ரப்பர்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, மூடிப்போன கம்பெனிகளின் சரக்கு. பழைய சாமான்காரரை வரச்சொல்லி எடைக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அடுத்த வாரம் சரக்குப் பிடிக்க வெளியூர் போகிறேன், வந்ததும் அந்த வேலை.

நீங்கள் திரும்ப வந்தால் நல்லது. கெஞ்சுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கெஞ்சுகிறேன்தான்.

இப்படிக்கு,
முதலாளி என்று பெயர் மட்டும் உள்ளவன்


ஜூலை 24

அன்புள்ள சம்பந்தி,

நீங்கள் ஊரில் இல்லாதது வசதியாகப் போயிற்று. உங்கள் கடைக்கு வந்தேன். மருமகளை இரண்டு நாள் பார்த்துக்கொள்ள அவள் அம்மாவை இங்கே வரவழைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். உங்கள் மனைவி உங்களிடம் சொல்லவில்லை என்றால் அது என் ஏற்பாடு.

ஜூனில் நீங்கள் எழுதியது சரி. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது. கையில் பேப்பர் வைத்திருப்பவரும் தெருவில் நிற்பவரும் வேறு வேறு ஆட்கள். என் தொழிலில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ரப்பர் விற்கிற நீங்கள் ஒரு பத்தியில் சொல்லிவிட்டீர்கள்.

ஆகவே தெருவில் நிற்பவர் என்ன பேசுகிறார் என்று கேட்கத்தான் வந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். ஒரு அம்மா வந்தார். "துணி பிழியும்போது மெஷின் நடந்து வாசல் வரைக்கும் வருதுங்க!" என்றார். உங்கள் மீசை, "அப்படியே கடை வரைக்கும் வரச் சொல்லியிருக்கலாமேம்மா, ஆட்டோ செலவு மிச்சம்" என்றார். அந்த அம்மா சிரித்து முடிப்பதற்குள் எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதை மூன்று கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் பழக்கிய ஆள் என்பது தெரிந்தது. இரண்டு நாளில் ஒருவர்கூட "கேஸ்கெட்" என்று கேட்கவில்லை. நம் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான் இருக்கிறது. எல்லோரும் ரப்பர் என்றார்கள். "மூடலை" என்றார்கள், "ஒழுகுது" என்றார்கள்.

அப்புறம் ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். "கரடி படம் போட்ட ஃப்ரீசருங்க, மூடி ரப்பர் வேணும். எங்கேயும் கிடைக்கலை" என்றார். மீசை பரணில் ஏறி ஒரு கட்டை இறக்கினார். அந்த மனிதர் அதைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். நீங்கள் எடைக்குப் போட இருக்கும் அதே கட்டு.

அந்த ரப்பருக்கு நம் தளத்தில் பக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? என் மருமகள் பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டு வந்திருக்கிறாள். "ஜி நாற்பது கேஸ்கெட்" என்று உள்ளே எழுதியிருக்கிறாள். ஜி நாற்பது என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியும். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. மிச்சம் இருப்பது கரடி மட்டும்.

எல்லாத் தலைப்பையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். இப்போது இப்படி இருக்கிறது:

"ஃப்ரிட்ஜ் கதவு மூடவில்லையா? ஒற்றைக் கதவு ரப்பர்." பிறகு உங்கள் பெயர்.

"கரடி படம் போட்ட ஃப்ரீசர் மூடி ரப்பர், பெரிய அளவு." பிறகு உங்கள் பெயர்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. உங்கள் கடையில் கேட்ட வார்த்தைகள். நான் செய்தது வெட்டியது மட்டும். முக்கியமானது முதலில், அறுந்துபோகாத அளவில், ஒரு பக்கத்தின் வரி இன்னொன்றில் வராமல். செய்தித்தாளின் ஒற்றைப் பத்தி அகலத்துக்குள் ஒரு பூகம்பத்தையே தலைப்பாக அடக்கியவளுக்கு ஒரு ரப்பரை அடக்க முடியாதா?

பரணைத் தொடாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஜூலை 30

சம்பந்தி அம்மாவுக்கு,

ஊரிலிருந்து வந்து கடையில் கால் வைத்ததும் மீசை சொன்ன முதல் வார்த்தை, "மொதலாளி, உங்க சம்பந்தியம்மாவை இங்கேயே வச்சுக்கலாம்." ஏன் என்றேன். "அவங்க பாட்டுக்கு உக்காந்து கேட்டாங்க. ஒரு கஸ்டமர்கிட்டயும் குறுக்கே பேசலை. நீங்க பேசுவீங்க" என்றார். என் சம்பளத்தில் சாப்பிடுகிற ஆள்!

தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் அதிகம் பேசவில்லை, கர்வம் என்று நான் என் மனைவியிடம் சொன்னது உண்மை. இப்போது தெரிகிறது, நீங்கள் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். மீசை ஒரு மணி நேரம் பேசுவதை ஆறு வார்த்தையில் நிறுத்திவிட்டீர்கள். அதில் ஒரு வார்த்தையை எடுக்கவும் முடியவில்லை, சேர்க்கவும் முடியவில்லை. நான் முயன்று பார்த்தேன்.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. கரடி ரப்பரில் "பெரிய அளவு" என்று ஏன் குறுக்க வேண்டும்? "எல்லா அளவும்" என்று போடுங்கள். ஆள் உள்ளே வரட்டும், வந்த பிறகு சமாளித்துக்கொள்ளலாம். வியாபாரம் அப்படித்தான்.

பழைய சாமான்காரரைப் பிறகு வரச்சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் கடைசி என்பது மட்டும் மாறாது. மெத்தைக்காரருக்குக் கொடுத்த வாக்கு.

உங்கள் மருமகளின் அப்பா


ஆகஸ்ட் 2

அன்புள்ள சம்பந்தி,

பரணில் சிறிய அளவு இல்லை. மீசையிடம் கேட்டுவிட்டேன். இல்லாததைத் தலைப்பில் போட மாட்டேன். நம்பி உள்ளே வந்தவர் வெறுங்கையோடு வெளியே போவார், அடுத்த முறை நம் வரியைக் கண்டால் தாண்டிப் போவார். உங்கள் கவுன்டரில் "இருக்கு, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு இல்லாத சரக்கைத் தேடுவதுபோல நடித்திருக்கிறீர்களா? இல்லை. மீசையிடம் அதையும் கேட்டுவிட்டேன்.

தேடுபொறி நம் பக்கங்களைத் திரும்ப வந்து பார்ப்பதற்குக் கொஞ்சம் நாள் எடுக்கும். அது என் கையில் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. நேற்று என் மருமகள், "அத்தை, அப்பா ஏன் அடிக்கடி லெட்டர் போடுறார்?" என்று கேட்டாள். "தலைப்பு விஷயம்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அவளிடம் சொல்லும் உண்மையை இதற்கு மேல் வெட்ட என்னால் முடியாது.


ஆகஸ்ட் 27

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் செய்தியை முதலில் வைக்கிறேன், உங்களிடம் கற்றுக்கொண்டது. அறையைக் கொடுக்கவில்லை.

இனி நடந்தது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு போன் வந்தது. நான் கேள்விப்பட்டே இராத ஊர். ஐஸ்கிரீம் கடைக்காரர். "ஏங்க, கரடி ஃப்ரீசர் மூடி ரப்பர் நெஜமாவே இருக்கா, இல்ல சும்மா போட்டிருக்கீங்களா?" என்றார். பெரிய அளவு இருக்கிறது என்றேன். "பெரிய அளவுன்னு மேலேயே போட்டிருந்தது. அதனாலதான் கூப்பிட்டேன். மத்தவனெல்லாம் எல்லாம் இருக்குன்னு போடறான், கூப்பிட்டா புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்றான்" என்றார். மூன்று ஃப்ரீசர் வைத்திருக்கிறாராம். மூடி நிற்காமல் சரக்கு உருகி, கடையை மூடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். பார்சல் போய்ச் சேர்ந்த அன்று திரும்பக் கூப்பிட்டார். போனைப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்து மூடினார். அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தார். டப் என்று ஒரு சத்தம். நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"எல்லா அளவும்" என்று போடச் சொன்னவன் நான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மீன் கடை ஒன்று, மருந்துக் கடை ஒன்று, பூக்கடை ஒன்று. எல்லாம் பழைய மாடல். எல்லாம் பரண் சரக்கு. புது ஃப்ரிட்ஜ் ரப்பருக்கும் ஒன்றிரண்டு வருகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அது எல்லாக் கடையிலும் இருக்கிறது, அங்கே கூட்டத்தில் முட்டிமோத வேண்டும். யாரிடமும் இல்லாத சரக்கைத் தேடி வருகிறவருக்கு நம் ஒரு வரிதான் கண்ணில் படுகிறது. இத்தனை வருஷம் வியாபாரம் செய்து, என் தலைக்கு மேலே கிடந்ததைக் குப்பை என்று நினைத்தேன். இரண்டு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்த நீங்கள் அதற்கு ஒரு வாசல் வைத்தீர்கள். நான் யாரையும் சும்மா புகழ்கிறவன் இல்லை, என்னிடம் கடன் கேட்க வருகிறவர்களுக்குத் தெரியும். நீங்கள் பெரிய ஆள், அம்மா.

மெத்தைக்காரர் இன்று காலை சாவி வாங்க வந்தார். "மன்னிச்சுக்கங்க, ரூம் தர முடியாது. அந்த ரூம்ல ஆள் இருக்கு" என்றேன்.

"யாரு?"

"என் பொண்ணும் அவ மாமியாரும்."

"மாமியாரும் மருமகளும் ஒரே ரூம்லயா? ரெண்டு மெத்தை எடுத்துக்கங்க, நடுவுல சுவர் மாதிரி வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபம்தான், ஆனால் சிரித்துவிட்டுப் போனார்.

மகளிடம் நானே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அறையைக் கொடுக்க இருந்ததையும் சேர்த்து. எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டாள். பிறகு, "அத்தைக்கு முதல்லயே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அதான் ராத்திரியும் பகலும் அந்த வரிகளையே வெட்டிக்கிட்டு இருந்தாங்களா" என்றாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, பக்கத்து அறையில் இருக்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குழந்தை பிறந்து அவள் எழுந்து நடமாடியதும் அறை அவளுக்கு. அதுவரை உங்களுக்கு. பரணில் இன்னும் பாதிக் கட்டுகளுக்குப் பக்கமே இல்லை. என்ன படம், எந்தக் கம்பெனி, என்ன பெயர் சொல்லிக் கேட்பார்கள் என்று எனக்கும் மீசைக்கும் பாதிதான் தெரியும். ஒவ்வொன்றையும் இறக்கித் தூசி தட்டிப் பார்த்தால்தான் நீங்கள் எழுத முடியும். எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் ஏறுங்கள், ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் சம்பந்தி